யூ ஒன்லி கம்

ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கிறவள் சுஷ்மா. இலக்கணம் இல்லை, அது பள்ளிக்கூட வாத்தியார்கள் பாடு. இவள் கற்றுக்கொடுப்பது மனிதர்களோடு பழகுவதற்கான இங்கிலீஷ். கம்பெனி கம்பெனியாகப் போய், சூப்பர்வைசர்களையும் ஸ்டோர் கிளார்க்குகளையும் ஒரு ஹாலில் உட்காரவைத்து, ஒருவரைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும், கிளம்பும்போது என்ன சொல்ல வேண்டும், இன்னொருவரை எப்படி அறிமுகம் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பாள். மன்னிப்புக் கேட்பதற்கு மட்டும் அவளிடம் நாலைந்து ஸ்லைடு இருந்தது.

அன்றைக்குப் புனேயில், கசார்வாடிப் பக்கம் ஒரு பட்டறையில் வகுப்பு. காலையிலிருந்து விடாத மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வினைச்சொற்கள் நடந்துகொண்டிருந்தன: மீட், இன்வைட், பிக் அப், டிராப், லீவ். வெல்டிங் பகுதி ஆள் ஒருவர் எழுந்து, பையனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதைச் சொல்வதற்காக, "ஐ லெஃப்ட் மை சன் இன் ஸ்கூல்" என்றார். சுஷ்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் பையனை அங்கேயே போட்டுவிட்டு வந்ததாக அர்த்தமாகும், 'டிராப்' என்று சொல்லுங்கள் என்றாள். ஹால் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், வேறு என்ன செய்வார்.

இதற்கு நடுவில் மேஜைமேல் இருந்த அவள் ஃபோன் சத்தமில்லாமல் துடித்துக்கொண்டே இருந்தது. தெரியாத நம்பர். லோன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற ஜாதி என்று நினைத்து விரலால் தள்ளிவிட்டாள். மறுபடி வந்தது. மறுபடி தள்ளினாள். பிறருடன் பழகும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறவள் வகுப்பு நடுவில் ஃபோன் பேசினால் நன்றாகவா இருக்கும்?

டீ வந்தது. கையில் கப்பை வைத்துக்கொண்டு ஃபோனை எடுத்துப் பார்த்தாள். அதே நம்பரிலிருந்து வரிசையாக மெசேஜ்.

"மேடம், யுவர் கேர்ள் இஸ் வித் மீ. டோன்ட் ஃபியர்."

"ஐ கேவ் பிஸ்கட். நவ் ஸ்லீப்பிங்."

"யூ ஒன்லி கம். அதர் பெர்சன் கம் மீன்ஸ் ஐ வில் நாட் கிவ்."

"மெனி டைம் ஐ கால். யூ கட். அகெய்ன் கட் மீன்ஸ் வாட் ஐ வில் டூ."

"ஐ வில் ஸீ யூ. தென் ஒன்லி லீவ் ஹெர்."

டீ கையில் கொட்டியது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் கப்பை வாங்கி வைத்தார். உன் பெண் என் கையில். பிஸ்கட் கொடுத்தேன், தூங்குகிறாள். பிஸ்கட்டில் என்ன கலந்தான்? தனியாக வா. வேறு ஆளோடு வந்தால் பெண் கிடைக்க மாட்டாள். இன்னொரு தடவை ஃபோனைக் கட் செய், நான் என்ன செய்வேன் என்று பார்.  காவ்யாவுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. அந்நேரம் சலீமின் ஸ்கூல் வேனில் ஔந்தில் இருக்கிற வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய பிள்ளை.

சலீமுக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். வீட்டு வேலைக்கு வரும் கிரிஜாவுக்கு அடித்தாள். பாப்பா இன்னும் வரவில்லையே அக்கா, மழையில் லேட் ஆகிறது என்று நினைத்தேன் என்றாள் அவள். பள்ளிக்கூடத்துக்கு அடித்தாள். வேன் எப்போதோ கிளம்பிவிட்டது, காவ்யா ஏறினாள் என்று ஆயா சொன்னதாக ஆஃபீஸில் சொன்னார்கள். கணவன் ஷ்ரேயஸ் டெல்லிக்குப் போகிற விமானத்தில் இருந்தான், அவனை எந்த ஃபோனும் எட்டாது. உலகத்தில் இருக்கிற அத்தனை கதவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டதுபோல் இருந்தது.

அந்த நம்பருக்கே திருப்பிப் பேசினால் என்ன என்று விரல் போனது. பட்டறை மேனேஜர், நல்ல மனிதர், பதறிப்போய்த் தடுத்தார். இந்த மாதிரி ஆட்களோடு பேசக்கூடாது மேடம், பேசினால் உஷாராகிவிடுவான், போலீஸிடம் விடுங்கள் என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்ததுபோல் இருந்தது. பயந்தவர்களுக்கு, தெரிந்ததுபோல் பேசுகிறவர்கள் எல்லோரும் தெய்வம்தான். போலீஸ் நம்பரை அவரே போட்டுக் கொடுத்தார். அவர்கள் குழந்தையின் பெயர், வயது, போட்டிருந்த உடை என்று கேட்டுக்கொண்டு, ஆள் அனுப்புகிறோம், நீங்கள் ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்றார்கள்.

ஆட்டோவுக்குக் காத்திருந்த நேரத்தில் அவள் இன்னொரு காரியம் செய்தாள். அந்த மெசேஜை அப்படியே படமெடுத்து, நம்பரோடு, அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டாள். பள்ளிக்கூடப் பெற்றோர் குரூப்பிலும் போட்டாள். என் மகளை இவன் கடத்திவிட்டான், தயவுசெய்து யாராவது உதவுங்கள் என்று எழுதினாள். அந்தப் பதற்றத்திலும் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, அவள் இங்கிலீஷ் அப்படிப்பட்டது.

பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அந்த இரண்டு குரூப்பிலும் ஒரு மாதமாக வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. எந்த ஊர் வீடியோவோ, எந்த வருஷத்து வீடியோவோ, கேட்பார் கிடையாது. எல்லோரும் பயந்து பயந்து, பயப்படுவதற்கு ஒரு ஆள் கிடைக்க மாட்டானா என்று காத்திருந்தார்கள். சுஷ்மா நம்பரோடு கொடுத்துவிட்டாள்.

பழைய மும்பை ரோட்டில் மெட்ரோ பாலத்துக்குக் கீழே ஆட்டோ ஊர்ந்தது. ஃபூகேவாடியில் தண்ணீர் தேங்கி வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஃபோனில் குரூப் கொதித்தது. அபார்ட்மென்ட் செக்ரட்டரி ஸ்டீபன், யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதலில் ஓடுகிற ஆள், எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் நின்று பரிமாறுகிற ஆள், அவன்தான் கண்டுபிடித்தான். யாருடைய நம்பர் என்று காட்டுகிற ஆப்பில் போட்டுப் பார்த்தானாம். பரமசிவம், கிரானா கடை, போபோடி என்று வந்ததாம், கிரானா என்றால் மளிகை. நம்ம ஆட்கள் ஏழெட்டுப் பேர் கிளம்பிவிட்டோம் மேடம், நீங்கள் தைரியமாக இருங்கள் என்று குரல் அனுப்பியிருந்தான். சுஷ்மாவுக்கு அவன் காலில் விழுந்து கும்பிட வேண்டும்போல் இருந்தது.

அப்போது அம்மாவின் அழைப்பு வந்தது. சாவித்ரி மும்பை முலுண்டில் மூத்த பிள்ளை விச்சு வீட்டில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு என்ன சமையல் என்று கேட்பாள். சுஷ்மா புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் எழுதவும் வராது, படிக்கவும் வராது. வீட்டில் ஷ்ரேயஸோடும் குழந்தையோடும் இங்கிலீஷும் ஹிந்தியும்தான். அவள் வாயில் தமிழ் வருவது இந்த ஃபோனில் மட்டும். எடுத்ததும் அழுகை வெடித்தது.

"யாரோ காவ்யாவைத் தூக்கிண்டு போயிட்டான்மா."

 சாவித்ரி, என்னடி சொல்றே, யார் சொன்னா, எப்படித் தெரியும் என்று கேட்டாள். மெசேஜ் வந்திருக்கிறது என்று சொல்லி, சுஷ்மா அதை அப்படியே இங்கிலீஷில் படித்தாள். அழுகையில் பாதி விழுங்கியது.

"நேக்கு உன் இங்கிலீஷ் புரியலைடி. தமிழ்ல சொல்லு. ஒண்ணு விடாம, அவன் எழுதினபடியே சொல்லு."

சுஷ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்து, வார்த்தை வார்த்தையாக மாற்றிச் சொன்னாள்.

"மேடம், உங்க பொண்ணு என்கிட்ட இருக்கா. பயப்படாதீங்கோ."

"ம்."

"பிஸ்கட் குடுத்தேன். இப்போ தூங்கறா."

"சரி."

"நீங்கதான் வரணும். வேற யாராவது வந்தா குடுக்க மாட்டேன்."

"மேல சொல்லு."

"எத்தனை தடவை கூப்பிடறது? கட் பண்றேள். மறுபடியும் கட் பண்ணினா நான் என்ன பண்ணுவேன்…"

சுஷ்மா அங்கேயே நின்றுவிட்டாள். கடைசி வார்த்தையில் அவள் குரல் அவளைக் கேட்காமலேயே இறங்கி, கையை விரித்த குரலாகிவிட்டது. பால் பொங்கி வழிந்துவிட்டால், கேஸ் தீர்ந்துபோனால், விச்சு சாப்பிடாமல் போனால், அம்மா சொல்கிற அதே 'நான் என்ன பண்ணுவேன்'. அவள் அதை வேறு மாதிரி சொல்லிப் பார்க்க முயன்றாள். மிரட்டுகிற மாதிரி வரவில்லை.

"இன்னும் இருக்கா?" என்றாள் சாவித்ரி.

"உங்களைப் பாத்துட்டுத்தான் விடுவேன்."

"அவ்வளவுதானா? யாருடி அந்த நல்ல மனுஷன்? எந்த ஊர்க்காராளாம்?"

 ஆட்டோ மழையில் நின்றுகொண்டிருந்தது. மெசேஜை மறுபடி பார்த்தாள். எழுத்து எழுத்தாக எல்லாம் அப்படியேதான் இருந்தது, ஒன்றும் மாறவில்லை. ஆனால் இப்போது அதற்குள்ளிருந்து ஒரு மனிதர் பேசினார். யாரோ ஒரு தமிழர், தன் மனதில் தமிழில் ஓடியதை, பெரிய இடத்து அம்மாவுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷுக்கு மாற்றி வைத்திருந்தார். தனியாக வா என்று அவர் சொல்லவே இல்லை. பிள்ளையைப் பெற்றவளைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் சந்தோஷப்பட்டாள். குழந்தை பத்திரமாக இருக்கிறது. பிஸ்கட் தின்றுவிட்டுத் தூங்குகிறது. மறு நொடியே ஸ்டீபன் ஞாபகம் வந்தது.

இது வேறு பயம். இதுவரை இருந்த பயத்தில், யாரோ அவளுக்கு ஏதோ செய்யப்போகிறார்கள். இதில், அவள் ஏற்கெனவே செய்துவிட்டாள். முதல் பயத்தில் அழமுடிந்தது. இதில் கண் காய்ந்துபோனது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் ஃபோனை வைத்தாள்.

ஸ்டேஷன் வேண்டாம், போபோடிக்கு விடுங்கள் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு அந்த நம்பருக்கு அடித்தாள். பிஸி. மறுபடி அடித்தாள். பிஸி. இரண்டு குரூப்பிலும் உள்ள அத்தனை பேரும் அந்த மனிதரைக் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. ஸ்டீபனுக்கு அடித்தாள், அவன் எடுக்கவில்லை. குரூப்பில் எழுதினாள்: நான் தவறாகப் புரிந்துகொண்டேன், அவர் நல்லவர், ப்ளீஸ் லீவ் ஹிம். அவள் எழுதியது அடுத்தடுத்து விழுந்த நாற்பது ஐம்பது கோபத்துக்கு அடியில் போய் மறைந்தது. யாரோ ஒருத்தி, பாவம், அவன் மிரட்டி இப்படி எழுதச் சொல்கிறான் போலிருக்கிறது என்று போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டீபனின் குரல் வந்தது. பின்னால் கூச்சல், இரும்பில் அடிக்கிற சத்தம்.

"டோன்ட் வொரி மேடம். வி ஆர் ஹியர். வி வில் நாட் லீவ் ஹிம்."

பரமசிவம் எழுதியதும் இதே 'லீவ்'தான். ஸ்டீபன் சொன்னபோது அதில் அவள் சந்தேகப்பட எதுவுமே இல்லை.

ஹாரிஸ் பாலம் தாண்டியதும் ஆட்டோக்காரர் இனி நகராது என்றார். சுஷ்மா இறங்கி ஓடினாள். முழங்கால்வரை தண்ணீர் நின்ற இடத்தில் செருப்பு ஒன்று போயிற்று. ஓடும்போது அவள் வேண்டிக்கொண்டது குழந்தைக்காக இல்லை. கடவுளே, அந்த ஆளை அடித்துப் போட்டிருக்கக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டாள். செத்துப்போயிருந்தால்? பேப்பரில் வருகிறதே, சந்தேகத்தில் அடித்தார்கள், ஆஸ்பத்திரி போகும் வழியில் என்று. அந்த நாலு வரிச் செய்திக்குப் பின்னால் தன்னைப்போல் ஒருத்தி ஃபோனை வைத்துக்கொண்டு இருந்திருப்பாள் என்று இதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

போபோடியில் ஒரு சந்து முழுக்கக் குடைகள். கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. ஏழெட்டுப் பேர் என்று கிளம்பியவர்கள் இப்போது நாற்பது பேருக்குமேல் ஆகியிருந்தார்கள். பக்கத்துச் சந்துக்காரர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், என்ன விஷயம் என்றே தெரியாதவர்கள். ஷட்டரில் காலால் உதைத்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அவள் முன்பின் பார்த்திராதவர்கள். ஷட்டருக்குக் கீழே ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் உடைந்த குடை. குடைக்கம்பியில் சட்டைத்துணி சிக்கியிருந்தது.

ஸ்டீபன் ஓடிவந்தான். அவன் சொன்னதிலிருந்து அவளுக்கு நடந்தது விளங்கியது. இவர்கள் வந்து பிள்ளையைக் கேட்டதும் கடைக்காரர் தர முடியாது என்றாராம். வெளியே இழுத்து நாலு சாத்துச் சாத்தியிருக்கிறார்கள். எப்படியோ திமிறிக்கொண்டு உள்ளே ஓடி, பிள்ளையோடு ஷட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். மதர் ஒன்லி, மதர் ஒன்லி என்று உள்ளேயிருந்து கத்துகிறாராம். பிள்ளையை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறான் மேடம், எவ்வளவு கொழுப்பு பாருங்கள் என்றான். போலீஸ் மழையில் எங்கேயோ மாட்டிக்கொண்டதாம்.

என் தப்பு, அவர் கடத்தவில்லை என்று சுஷ்மா ஹிந்தியில் சொன்னாள். ஸ்டீபன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். பெற்ற மனம் பயத்தில் எதையாவது சொல்லும் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அவள் அவனைத் தள்ளிக்கொண்டு ஷட்டரிடம் போனாள். முட்டிபோட்டு உட்கார்ந்து, காவ்யாவின் அம்மா வந்திருக்கிறேன், திறங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

உள்ளே சத்தமில்லை. கூட்டத்தில் நின்ற ஒருத்தி, நாங்களும் அம்மா என்று சொல்லிப் பார்த்துவிட்டோம், திறக்கவில்லை என்றாள். ஏமாற்றித் திறக்கவைக்க அப்படி இரண்டு மூன்று பேர் முயன்றிருக்கிறார்கள். இனி எந்த அம்மாவை அவர் நம்புவார்? உள்ளே காவ்யா அழுகிற சத்தம் லேசாகக் கேட்டது. உயிரோடு இருக்கிற அழுகை. 

ஷட்டரின் ஈர இரும்பில் வாயை வைத்து, அவளுக்கு வந்த தமிழில் சொன்னாள்.

"நான் காவ்யாவோட அம்மா பேசறேன். நான்தான் வரணும்னு எழுதியிருந்தேளே. வந்துட்டேன்."

யாரோ உள்ளே நகர்ந்தார்கள். பிறகு ஒரு குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, நம்பாமல் கேட்டது.

"தமிழா?"

"ஆமா."

"உங்க ஃபோன்லேர்ந்து ஒரு ரிங் குடுங்கம்மா. நம்பரைப் பாத்துக்கறேன்."

அவள் அடித்தாள். இத்தனை நேரம் பிஸியாகவே இருந்தது இந்தத் தடவை போயிற்று. உள்ளே மணி அடித்தது. இரும்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"நீங்க மட்டும் குனிஞ்சு உள்ள வாங்க. பாப்பாவை நான் வெளிய அனுப்ப மாட்டேன். அவங்க இன்னா பண்ணுவாங்கன்னு தெரியல."

ஷட்டர் ஒரு முழம் உயர்ந்தது. சுஷ்மா சேற்றில் படுத்து உள்ளே ஊர்ந்தாள். மறுபடி இறங்கிவிட்டது.

அரிசி மூட்டைகளுக்கு நடுவே, ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர் நின்றிருந்தார். புருவம் கிழிந்து ரத்தம் காதுவரை வழிந்திருந்தது. சட்டையின் ஒரு கை இல்லை. ஒரு கை ஷட்டரை அழுத்திப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் காவ்யாவின் புத்தகப்பை. குழந்தை ஒரு சாக்குமேல், அவருடைய துண்டைப் போர்த்திக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அது எழுந்து வந்தது. பரமசிவம் கையை நீட்டி மறித்தார். குனிந்து, இது உன் மம்மிதானா என்று ஹிந்தியில் குழந்தையிடம் கேட்டார். குழந்தை தலையை ஆட்டியது. அப்புறம்தான் கையை எடுத்தார்.

சுஷ்மா குழந்தையை வாரி எடுத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அதன் தலைமுடியில் சோப்பும் பிஸ்கட்டும் கலந்த வாசனை வந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. வெளியே மறுபடி உதைக்க ஆரம்பித்தார்கள்.

திறந்துதான் ஆக வேண்டும். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். பரமசிவம் ஷட்டரைத் தூக்கிவிட்டு, மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சுஷ்மா பேசினாள். குழந்தையை யாரும் கடத்தவில்லை, இவர்தான் பத்திரமாக வைத்திருந்தார், மெசேஜ் வேறு மாதிரி புரிந்துவிட்டது என்று. யார் புரிந்துகொண்டது, யார் ஊரெல்லாம் அனுப்பியது என்று அவள் சொல்லவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாற்பது முகங்களில் கோபம் போகிற இடம் தெரியாமல் நின்றிருந்தது. அது தன் பக்கம் திரும்பிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. மன்னிப்புக்கென்றே நாலைந்து ஸ்லைடு வைத்திருந்தவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

அந்த இடைவெளியில் பரமசிவம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"சாரி சார். மை இங்கிலீஷ் மிஸ்டேக் சார்."

யாரோ சிரித்தார்கள். உடனே எல்லோரும் சிரித்தார்கள். அப்பாடா என்று இருந்தது எல்லோருக்கும். அடித்தவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. என்ன காகா இப்படியா எழுதுவது, ஹார்ட் அட்டாக்கே வந்திருக்கும் என்று ஒருவன் சித்தப்பா முறை வைத்து அவர் தோளைத் தட்டினான். அவர் தோள் சுருங்கியது. ஸ்டீபன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு மருந்துக் கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு மழையில் ஓடினான். போலீஸ் வந்தது, எட்டிப் பார்த்தது, குழந்தை கிடைத்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போயிற்று. கூட்டம் வந்த வேகத்திலேயே கரைந்தது.

பரமசிவம் ஸ்டூலில் உட்கார்ந்தார். கிர்கி ஃபேக்டரியில் வேலையாம், இன்றைக்கு விடுமுறை, அதனால் தினமும் கடையைப் பார்க்கிற மனைவி வனஜாவை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டுக் கடையில் இருந்தாராம். சலீமின் வேன் இந்தச் சந்து முனையில் தண்ணீரில் நின்றுவிட்டது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் இறங்கியாயிற்று, இந்தக் குழந்தை மட்டும்தான் பாக்கி. சலீமின் ஃபோனிலும் தண்ணீர் போய்விட்டது. காகா கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவன் இன்னும் வரவில்லை. குழந்தை கழுத்தில் இருந்த கார்டில் நம்பர் பார்த்து இவர் அடித்துப் பார்த்தார். அம்மா கட் செய்யவே, ஆஃபீஸில் வேலையாக இருப்பார்கள், தொந்தரவு செய்யக்கூடாது என்று மெசேஜ் போட்டார்; கடை எங்கே என்பதை அவர்கள் திருப்பிக் கூப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். ஒவ்வொரு மெசேஜுக்கும் யோசித்து யோசித்து எழுதினாராம். இதையெல்லாம் அவர் சொல்லும்போது குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

குழந்தை அவர் துண்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சுஷ்மா கிளம்பவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு அவளிடம் இருந்த தமிழ்ச் சொற்கள் டி.வி.யில் கேட்டவை, இந்த ரத்தத்துக்கு முன்னால் வாயில் வர மறுத்தன.

பரமசிவம் தன் ஃபோனை எடுத்து, உடைந்திருந்த அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அவளிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறவங்கன்னு மருந்து வாங்கப் போன அந்த சார் சொன்னாரு. இதுல எது தப்புன்னு காட்டுங்கம்மா. இனிமே அப்படி எழுதாம இருக்கேன்."

சுஷ்மா வாங்கிப் பார்த்தாள். இலக்கணம் என்று பார்த்தால் திருத்துவதற்கு எத்தனையோ இருந்தது. அதையா அவர் கேட்டார்? முதல் வரியிலிருந்து படித்தாள். பெண் என்னிடம் இருக்கிறாள், பயப்படாதீர்கள். இருந்தாள், பயப்பட ஒன்றுமில்லை. பிஸ்கட் கொடுத்தேன், தூங்குகிறாள். கொடுத்தார், தூங்கினாள். வேறு யார் வந்தாலும் தர மாட்டேன். தரவில்லை. உங்களைப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

"தப்பு ஒண்ணும் இல்லை" என்றாள்.

அவர் ஃபோனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.  பிறகு நிமிர்ந்து, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"அப்புறம் ஏம்மா அடிச்சாங்க?"